நான்கு கட்டங்களில் இரண்டை அவர் பார்க்கவே இல்லை

விழுவதைப் பற்றிய பயத்தை அளக்கும் கேள்வித்தாளின் கூட்டுத்தொகை 19 என்று வந்தது. மொத்தம் 16 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மிகக் குறைவு 16, மிக அதிகம் 64. அப்படியானால் 19 என்பது, விழுந்துவிடுவோமோ என்ற பயம் அநேகமாக இல்லாதவருக்கு வரும் எண். ஆனால் அந்தத் தாளை நிரப்பிய அம்மா பக்கவாதம் வந்து ஏழு வாரங்கள் ஆனவர். இடது கையும் காலும் இன்னும் சரியாக வசப்படவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பத்தடி நடக்கவே இரண்டு பேரை இறுகப் பிடித்துக்கொள்கிறார் என்று அவருடைய மருமகள் சொன்னார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் இயன்முறை மருத்துவம் செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு நாளின் ஒரு பாதி தமிழில் போகும், மறு பாதி உருதுவில் போகும். இந்த அம்மா வாணியம்பாடியில் உருது வழியில் படித்தவர். அதனால் அவர் கையில் நாங்கள் மொழிபெயர்த்த உருதுத் தாளைக் கொடுத்தோம்.

விழுவதைப் பற்றிய அச்சத்தை அளக்க 1990இல் அமெரிக்க மருத்துவர் மேரி டினெட்டியும் அவருடன் பணியாற்றியவர்களும் 10 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதை விரித்து 16 கேள்விகளாக ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டதுதான் எஃப்.இ.எஸ்.-ஐ (Falls Efficacy Scale–International) என்ற இந்தக் கேள்வித்தாள். உடை மாற்றும்போது, குளிக்கும்போது, படி ஏறும்போது, கூட்டத்தில் நடக்கும்போது விழுந்துவிடுவோம் என்று எவ்வளவு கவலைப்படுகிறீர்கள் என்று அது கேட்கும். பக்கவாத நோயாளிகளிடம் இதைக் கேட்டே ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பயந்தவர் நடப்பதைக் குறைக்கிறார். நடை குறைந்தால் தசை இளைக்கிறது, உடலின் சமநிலை கெடுகிறது, கடைசியில் அந்தப் பயமே விழவும் வைக்கிறது. செயலிழந்த பக்கத்து எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருக்கும். அந்தப் பக்கமாகவே சாய்ந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் திரும்ப எழுவது பெரும்பாடு.

மொழிபெயர்ப்புக்கு ஒரு முறை இருக்கிறது. இருவர் தனித்தனியே உருதுவில் எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து ஒப்பிட்டு, நோயாளிகளிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். நாங்கள் அதிக நேரம் மல்லாடியது ஒரே ஒரு சொல்லோடு. மூலத்தை எழுதியவர்கள் 'பயம்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்து, 'கவலை' என்ற பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார்கள். பயமா என்று கேட்டால் பலர் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், கவலையா என்றால் ஒத்துக்கொள்வார்கள் என்பதே காரணம். உருதுவில் 'கௌஃப்' என்று எழுதினால் இறையச்சத்தின் கனம் வந்துவிடுகிறது. 'டர்' என்றால் குழந்தையிடம் கேட்பது போல இருக்கிறது; தோல் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் நின்று வேலை செய்த ஒருவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிஞ்சியது கவலை என்று பொருள்படும் 'ஃபிக்ர்'. ஆனால் இந்த ஊர்த் தக்கினி உருதுவில் 'ஃபிக்கர் நக்கோ' (கவலைப்படாதே) என்பது வீட்டுக்கு வீடு சொல்லும் ஆறுதல். ஃபிக்கர் உண்டா என்று கேட்டதும் மகளின் திருமணம், மருந்துச் செலவு என்று எல்லாக் கவலையும் வரிசையில் வந்து நின்றன. கடைசியில் ஒவ்வொரு கேள்வியிலும் 'விழுந்துவிடுவோம் என்ற ஃபிக்கர்' என்று முழுதாக எழுதினோம். படிக்க நீளம்தான், ஆனால் பதில் தடம் மாறவில்லை.

விடைகளிலும் ஒரு பொறி இருந்தது. 'பில்குல் நஹீன்' என்றால் கொஞ்சமும் இல்லை. 'பில்குல்' மட்டும் நின்றால் கண்டிப்பாக உண்டு என்று தலைகீழாகிவிடும். பேச்சு பாதிக்கப்பட்டவர் முதல் சொல்லோடு நின்றுவிடுவார். அதனால் அவர் முழுதாகச் சொல்லும்வரை, அல்லது விரலால் தொட்டுக் காட்டும்வரை நான் குறிப்பதில்லை.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்த பிறகுதான் அந்த 19 வந்தது. தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்று கேள்விகளுக்கு 1, மூன்று கேள்விகளுக்கு 2. 3, 4 என்ற மற்ற இரண்டு கட்டங்களிலும் ஒரு கோடுகூட இல்லை. உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. ஆகவே 'கொஞ்சமும் இல்லை' வலது ஓரத்திலும் 'மிக அதிகம்' இடது ஓரத்திலும் அமைந்திருந்தன. அன்று மதியம் அவருடைய தட்டைப் பார்த்தேன். வலப்பாதியில் ஒரு பருக்கை இல்லை. இடப்பாதியில் சோறு வைத்தபடியே இருந்தது. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் இடப்பக்க உலகம் கவனத்துக்கு வருவதில்லை. இதை இடப்புறப் புறக்கணிப்பு என்போம். பயத்தைச் சொல்லும் இரண்டு கட்டங்களும் அவருக்கு இல்லாத இடத்தில் இருந்திருக்கின்றன. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. தாளின் அமைப்பே அவர் வாயை அடைத்துவிட்டது. இதை முன்கூட்டியே யோசிக்காமல் போனேனே என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது.

மறுநாள் அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து, விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிய எழுத்தில் எழுதி, வாய்விட்டுப் படித்தேன். கூட்டுத்தொகை 47. முதியவர்களுக்கு வகுத்த கணக்கில் 28ஐத் தொட்டாலே அதிக அச்சம்.

இந்த அளவுகோலில் குறைந்த எண் வந்தால் நிம்மதி அடைய அவசரப்படாதீர்கள் என்று வீட்டாரிடமும் இளம் சகாக்களிடமும் சொல்லி வருகிறேன். தன் கால் வலுவிழந்ததையே உணராதவருக்கும் குறைந்த எண்தான் வரும். விழுவதில் முதல் ஆள் அவராகக்கூட இருக்கலாம். அதேபோல, பயப்படுபவரிடம் எழுந்திருக்காதே, விழுந்துவிடுவாய் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது அக்கறையில் பிறந்தாலும், அவருடைய பயத்துக்குத்தான் தீனி போடுகிறது. வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவக்கூடும். பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்குங்கள்.

அந்தப் 16 கேள்விகளில் தொழுகைக்காகக் கால் கழுவுவது இல்லை, தரையில் நெற்றி வைத்து எழுவது இல்லை, குந்தி உட்காரும் கழிப்பறை இல்லை. நம் விருப்பத்துக்குக் கேள்வி சேர்த்தால் மதிப்பெண்ணை வேறெதோடும் ஒப்பிட முடியாது. அதனால் தாளின் பின்பக்கத்தில், மதிப்பெண் போடாமல், இவற்றைத் தனியே கேட்கிறேன். அம்மாவிடமும் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறேன் பேட்டா, தரைக்குப் போனால் எழுந்து வருவேனா தெரியவில்லை என்றார்.

அடுத்த வாரம் கட்டிலை ஒட்டிக் கனமான பாயை விரித்தோம். முதலில் வலது முழங்காலை ஊன்றக் கற்றுக்கொடுத்தேன். மருமகள் இடப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.