சக்கை வரட்டி ஏன் கெடுவதில்லை?

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் சக்கை (பலாப்பழம்) பழுத்துக் குவியும்போதே தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும். சுளையை வெயிலில் உலர்த்த வழியில்லை. வெயிலின் வேலையை அடுப்பிடம் கொடுத்ததால் வந்ததுதான் வரட்டி: சுளையை வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கெட்டியாகக் கிண்டி எடுக்கும் இனிப்பு.

பழுத்த சுளையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். கிண்டக் கிண்ட அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சுவதை வெல்லத்தின் சர்க்கரை பிடித்துக்கொள்ளும். நுண்ணுயிருக்கு எட்டும் தண்ணீரை ‘நீர்ச் செயல்பாடு’ என்று அளக்கிறார்கள். தூய தண்ணீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியா 0.91-க்குக் கீழேயும், பெரும்பாலான பூஞ்சைகள் 0.80-க்குக் கீழேயும் வளராது. மாங்காய் ஊறுகாய்க்குப் புளிப்பும் காவல். சக்கையில் புளிப்பு குறைவு என்பதால் நன்றாக வற்றவைப்பதே ஒரே காவல். கை வலிக்கிறதென்று பாதியில் இறக்கக் கூடாது.

கொட்டை நீக்கிய வருக்கைச் (கெட்டிச் சுளை வகை) சுளை 1 கிலோ, வெல்லம் 500 கிராம், நெய் 75 கிராம், சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஐந்து. குழைந்த சுளையுள்ள கூழஞ்சக்கை என்றால் அரைத்தபின் நாரை அரித்தெடுக்க வேண்டும். வெறும் உருளியை (கிண்டும் அகன்ற பாத்திரம்) முதலில் எடை போட்டுக் குறித்துவையுங்கள். சுளையை ஒரு டம்ளர் தண்ணீரில் வேகவைத்து அரைத்து, பாதி நெய்யுடன் சிறுதீயில் கெட்டியாகும்வரை கிண்டுங்கள். பிறகே, கரைத்து வடிகட்டிய வெல்லம். முதலிலேயே வெல்லம் சேர்த்தால் அது அதிக நேரம் சூட்டில் கிடந்து கருகும், கசக்கும்.

தண்ணீர் கொதிக்கும்போது தானாகச் சுழன்று சூட்டைப் பரப்பும். கெட்டிக் கூழ் சுழலாது. அடியில் மட்டும் தண்ணீர் வற்றி, சூடு 100 டிகிரியைத் தாண்டி, அந்த இடம் பிடித்துக்கொள்ளும். அந்தச் சுழற்சியைச் சட்டுவம்தான் (கிண்டும் கரண்டி) செய்ய வேண்டும். உள்ளே சிக்கிய நீராவி வெடித்துத் தெறிப்பதால் நீண்ட காம்புள்ள சட்டுவமே நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கையெடுக்க முடியாது. மனம் வேறெங்கும் போகாமல், மஞ்சள் கூழ் செந்தவிட்டு நிறமாவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிற அந்த நேரம் அவ்வளவு நிறைவானது.

மிச்ச நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வாருங்கள். சட்டுவத்தால் கோடு இழுத்தால் அடி தெரிந்து, உடனே மூடாமல் நிற்க வேண்டும். ஓரத்தில் நெய் பிரிய வேண்டும். உருளியின் எடை போக ஏறத்தாழ 1 கிலோ வந்தால் பதம் சரி. சுமார் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். சுக்கும் ஏலமும் தூவி இறக்குங்கள்.

முழுக்க ஆறுமுன் மூடினால் மூடியில் ஆவி வியர்த்துச் சொட்டும். சொட்டிய இடத்தில் முதலில் பூஞ்சை வரும். ஈரக் கரண்டியும் அதையே செய்யும். நம் மழைக்காலக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும்போது, நீர்ச் செயல்பாடு ஏறத்தாழ 0.75 உள்ள, அதாவது 75 சதவீத ஈரப்பதத்துக்குச் சமமான வரட்டி காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். ஆகவே மேலே உருக்கிய நெய்யை ஒரு படலமாக ஊற்றி, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடையுங்கள். ஒன்றில் பூஞ்சை கண்டால் சுரண்டி எடுத்துவிட்டுத் தின்ன வேண்டாம்: அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஆழம்வரை போயிருக்கும். அந்தக் குப்பியை மட்டும் கொட்டிவிடுங்கள்.