ட்ராப்லைனுக்கு ஸ்னோமொபைல் வாங்குகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள்

வட ஒன்ராறியோவில் பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். நவம்பர் பிறந்தாலே ஒரு கேள்வி வரத் தொடங்கிவிடும்: "ட்ராப்லைனுக்கு எந்த வண்டி நல்லது?" கேட்பவர்களில் பலர் மனதுக்குள் ஒரு வண்டியை முடிவுசெய்துவிட்டுத்தான் வருகிறார்கள். பெரும்பாலும் அது 850 சிசி எஞ்சினோடு விற்பனைக் கூடத்தில் பளபளவென்று நிற்கிற வண்டி. அதை வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மார்ட்டன், பீவர், லிங்க்ஸ், நீர்நாய் போன்ற ரோம விலங்குகளைப் பிடிக்கக் காட்டுக்குள் வரிசையாகப் பொறி வைத்து, குளிர்காலம் முழுக்கச் சுற்றிப் பார்த்துவருகிற தடம்தான் ட்ராப்லைன். நினைத்த இடத்தில் நினைத்தவர் பொறி வைக்க முடியாது. கனடாவில் இதற்கு உரிமம் வேண்டும், பல மாகாணங்களில் தடத்துக்குப் பதிவும் வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1926இலேயே பதிவுமுறை வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் க்ரீ, ஒஜிப்வே பூர்வகுடிக் குடும்பங்கள் பரம்பரை பரம்பரையாக நடந்த தடங்களில்தான் இன்றைக்கும் ஸ்னோமொபைல்கள் ஓடுகின்றன. எந்தப் பொறியை எத்தனை நாளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு மாகாண விதிகள் இருக்கின்றன. நடுவழியில் வண்டி படுத்துவிட்டால் உங்களுக்கு மட்டும் ஆபத்தில்லை. எங்கோ ஒரு பொறியில் அகப்பட்ட விலங்கும் பார்ப்பாரில்லாமல் கிடக்கும். நம்பகமான வண்டி வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ட்ராப்லைனில் வண்டி சிக்கத்தான் செய்யும். இதை ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். ஸ்புரூஸ் மரங்களுக்கு அடியில் காற்றுப் படாத பனி மாவாகவே கிடக்கும், இடுப்பளவு. பாதை திரும்பும் இடத்தில் ட்ராக் (வண்டிக்கு அடியில் சுழன்று அதை ஓட்டும் ரப்பர்ப் பட்டை) அதற்குள் இறங்கிவிடும். அப்போது எத்தனை குதிரைசக்தி என்று யாரும் கேட்கப்போவதில்லை. இறங்கி, பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பக்கத்தில் நகர்த்தி வைக்க உங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி. எங்கள் பட்டறைக்கு வரும் க்ரீ முதியவர் ஒருவர் புது வண்டியைப் பார்க்கப் போனால் ஹூடைத் திறக்கவே மாட்டார். நேரே பின்னால் போய்க் குனிந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஒரு முறை தூக்கிப் பார்ப்பார். தரையைவிட்டு எழும்பவில்லை என்றால் விலைகூடக் கேட்காமல் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார். நான் பார்த்ததில் மிகச் சரியான சோதனை இதுதான்.

ஸ்கீ-டூ 'எலான்' என்ற சின்ன வண்டி 1971இலிருந்து 1996 வரை தயாரானது. அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள் என்றால் காரணம் இந்த எடைதான். அதற்குப் பின் அந்த இடத்தைப் பிடித்தது 'டன்ட்ரா': ஒடுக்கமான, நீளமான ட்ராக், சுமார் 200 கிலோ, மரங்களுக்கு நடுவே நுழைந்து வரும். இன்னொரு பக்கம் 20 அல்லது 24 அங்குல அகல ட்ராக் கொண்ட 'ஸ்கான்டிக்' மாதிரியான வேலை வண்டிகள். ஏரிகள் வழியே நீண்ட தூரம் போக வேண்டும், பின்னால் சறுக்குவண்டி கட்டி மரமும் பெட்ரோலும் கேபினுக்குச் சாமானும் இழுக்க வேண்டும் என்றால் இவற்றை அடிக்க ஆளில்லை. கியர்பெட்டியில் லோ கியர் இருப்பதால் கனமான சுமையிலும், எஞ்சின் சக்தியைக் கடத்தும் பெல்ட் எரியாது. ஆனால் எடை 300 கிலோவை நெருங்கும். ஸ்லஷ்ஷில், அதாவது ஏரியின் ஐஸ்மேல் தண்ணீர் ஊறிய பனிச்சேற்றில், இறங்கிவிட்டால் தனி ஆளால் அதை அசைக்க முடியாது.

ஆகவே உங்கள் தடம் எங்கே போகிறது என்பதுதான் முடிவுசெய்ய வேண்டும். பாதிக்கு மேல் அடர்ந்த காடு, தனியாகப் போகிறீர்கள் என்றால் சின்ன வண்டி. திறந்த ஏரி, கனத்த சுமை, துணைக்கு இன்னொரு வண்டி உண்டு என்றால் அகலமான வண்டி. இரண்டும் கலந்த தடத்துக்கு 16 அங்குல அகலம், 154 அங்குல நீளம் உள்ள ட்ராக் போதும் என்பது என் கருத்து.

"மலைப்பகுதி வண்டியும் எடை குறைவுதானே?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் ட்ராக்கில் இரண்டரை, மூன்று அங்குலப் பற்கள். மென்பனிக்கு அருமை, இறுகிய ஏரிப் பாதையில் பல் தேயும், கிழியும். வேகத்துக்காகக் கியர் அமைத்த வண்டியில் சுமை கட்டி மெதுவாக ஓட்டினால் பெல்ட் சூடேறிக் கருகும். நல்ல பாதையில் பறப்பதற்கென்று செய்த குட்டை ட்ராக் வண்டிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். காட்டுக்குள் புகுந்த முதல் வளைவிலேயே புதைந்துவிடும்.

எஞ்சின் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திரவத்தால் குளிரும் எஞ்சினில் சூட்டை வெளியேற்றும் தகடு ட்ராக்குக்கு மேலே, சுரங்கம் போன்ற கூட்டின் அடியில் இருக்கும். ட்ராக் வாரி அடிக்கிற பனி அதில் பட்டால்தான் எஞ்சின் குளிரும். வெறும் ஐஸ்மேல், இறுகிய பாதையில் பனி தெறிக்காது. வெளியே கடுங்குளிர், உள்ளே எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும். இது புதிதாக வாங்குகிறவர்களுக்கு நம்பவே முடியாத விஷயம். அப்படிப்பட்ட வண்டி வாங்கினால் ஐஸைக் கீறிப் பொடியாக்கித் தூவும் ஸ்க்ராச்சர் கம்பிகளையும் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். விசிறியால் குளிரும் எஞ்சினில் இந்தத் தொல்லையே இல்லை. மெதுவாக ஓடினாலும், பொறிக்குப் பொறி நின்று நின்று போனாலும் தாங்கும். ஆனால் புதிய மாடல்களில் அது அருகி வருகிறது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலை மிச்சப்படுத்தும், சத்தம் குறைவு, புகை நாற்றம் இல்லை. எல்லாம் சரி. ஆனால் அது பேட்டரியை நம்பியிருக்கிறது. மைனஸ் நாற்பதில் கேபின் வாசலில் ஓர் இரவு நின்ற பேட்டரியும், கெட்டிப்பட்ட எஞ்சின் ஆயிலும் காலையில் உங்களைக் கைவிடலாம். இரண்டு ஸ்ட்ரோக்கில் இழுகயிறு இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகப் போகிறவருக்கு அந்தக் கயிறு இல்லாத வண்டியை நான் பரிந்துரைப்பதில்லை.

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. குளிர் ஏற ஏறக் காற்று அடர்த்தியாகும். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளைப் பாகமான ஜெட்டை மாற்றாமல் விட்டால் காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஜனவரியில் பட்டறைக்கு வரும் ஜாம் ஆன எஞ்சின்களைத் திறந்தால் பிஸ்டனில் புகைவாயில் பக்கம் மட்டும் மேலிருந்து கீழாக நகத்தால் பிறாண்டியதுபோலக் கோடுகள் இருக்கும். உருகிய அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருக்கும். இருபது நிமிட வேலையில் தவிர்த்திருக்கலாம்.

ஸ்லஷ் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஏரியின் ஐஸ்மேல் பனி விழுந்து கனத்தால் ஐஸ் கீழே அழுந்தும். வெடிப்பு வழியே தண்ணீர் மேலே வரும். மேலே போர்த்திய பனி அந்தத் தண்ணீரை உறையவிடாது. பார்வைக்கு வெள்ளை வெளேரென்று சமதரையாகத்தான் இருக்கும். உள்ளே போய்விட்டால் ஆக்சிலரேட்டரை விடாதீர்கள், நிற்காதீர்கள். சிக்கிவிட்டால் சின்ன வண்டிக்காரர் வண்டியைத் தூக்கி ஸ்புரூஸ் கிளைகளை அடியில் திணித்து ஏற்றிவிடுவார். எப்படியும் வண்டியை அந்த ஈரத்திலேயே இரவு விட்டுவிடக் கூடாது. கட்டைகள்மேல் ஏற்றி, சக்கரங்களிலும், ட்ராக்குக்கு உள்ளே இருக்கும் ரெயில்களிலும் ஒட்டியதை உறைவதற்குள் தட்டி எடுத்துவிட வேண்டும். பின்னோக்கி வரும்போது பின்பாகம் மேல்நோக்கி மடங்கும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி இந்த மாதிரி நேரத்தில் பெரிய உதவி. வாங்கும்போது கேளுங்கள்.

ஐஸின் கனத்தையும் துளையிட்டு அளக்க வேண்டும். ஸ்னோமொபைலுக்குக் கனேடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்வது 25 சென்டிமீட்டர், அதுவும் தெளிந்த நீல ஐஸ். வெள்ளை ஐஸுக்குப் பாதி பலம்தான். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கால்கூட வைக்காதீர்கள்.

கம்பெனி எது என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். உங்களுக்குப் பக்கத்து ஊரில் எந்த வண்டிக்குப் பாகம் கிடைக்கிறதோ அதுதான் நல்ல கம்பெனி. யமஹா 2025 மாடலோடு ஸ்னோமொபைல் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது. ஆர்க்டிக் கேட் 2025இல் கைமாறியது. அவர்களுடைய பழைய வேலை வண்டிகள் மோசமல்ல. யமஹாவின் விகே540 வைத்திருக்கும் பொறிக்காரர்கள் அதை விற்க மனம் வராமல்தான் இருக்கிறார்கள். ஆனாலும் வாங்குமுன் டீலரிடம் போய், பெல்ட், பேரிங், கேபிள், கேஸ்கெட் கைவசம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். விற்பவர் நீங்கள் வருமுன்னே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, எஞ்சினை அணைத்து, ட்ராக்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கிறது. ட்ராக்கின் உள்பக்க ரப்பரில் வெடிப்பு, பின்கொக்கி பொருத்திய இடத்தில் கூட்டில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். சுமை இழுத்த வண்டி அங்கேதான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

வாங்கிய பிறகு, சறுக்குவண்டியைக் கயிற்றில் கட்டாதீர்கள். இறக்கத்தில் அது வந்து முதுகில் மோதும். இரும்புக் கம்பி இணைப்பு போடுங்கள். இருக்கைக்கு அடியில் ஒரு பெல்ட், இரண்டு பிளக், ஒரு கோடரி, தீமூட்டும் சாமான். கூடவே செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி. பனியில் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூ இல்லாமல் வண்டியை வீட்டைவிட்டு எடுக்கவே எடுக்காதீர்கள். வண்டியில் ஒரு மணி நேரம் போன தூரத்தை, மென்பனியில் நடந்து திரும்ப ஒரு முழுநாள் போதாமல் போகலாம்.