குளோசபைன் சாப்பிடுகிறவர்களுக்கு ஏன் வாராவாரம் ரத்தப் பரிசோதனை?

மனச்சிதைவு நோய்க்கு இரண்டு, மூன்று மருந்துகள் கொடுத்துப் பார்த்தும் காதில் கேட்கும் குரல்கள் அடங்காதபோது, மனநல மருத்துவர்கள் குளோசபைனை எழுதுவார்கள். கூடவே முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் கொடுக்கச் சொல்வார்கள். சில நாடுகளில் இது ஆறு மாதம். அப்புறம் இடைவெளி கூடும். மனநோய் மாத்திரைக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி.

நம் வெள்ளணுக்களில் பெரும்பங்கு நியூட்ரோஃபில்கள். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிவருபவை இவைதான். ஆனால் ஆயுள் மிகக் குறைவு. ரத்தத்தில் ஒரு நாள்கூட ஓடுவதில்லை. அதனால் எலும்பு மஜ்ஜை தினமும் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைப் புதிதாகச் செய்கிறது. அந்த உற்பத்தி நின்றால் சில நாட்களிலேயே ரத்தத்தில் அவை காணாமல் போய்விடும். சிவப்பணு 120 நாள் வாழ்வதால் ஹீமோகுளோபின் அப்போதும் நன்றாகவே இருக்கும், ஆள் வெளுத்துக்கூடப் போக மாட்டார்.

குளோசபைன் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடம் இப்படி நியூட்ரோஃபில்கள் காணாமல் போகின்றன. நியூட்ரோஃபிலுக்குள் கிருமியைக் கொல்வதற்கென்றே ஒரு நொதி உண்டு. அந்த நொதி குளோசபைனை, அணுவின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு மூர்க்கமான பொருளாக மாற்றுகிறது. அப்படி ஒட்டுப்பட்ட அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றல் அந்நியமாக எண்ணித் தாக்குகிறது என்பதுதான் இப்போதைக்கு வலுவான விளக்கம். சில மரபணு வகைகள் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். மாத்திரையின் அளவைக் குறைத்தால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை.

1975இல் பின்லாந்தில் இந்த மருந்து எடுத்தவர்களில் எட்டுப் பேர் இப்படி நியூட்ரோஃபில் இழந்து தொற்றால் இறந்தார்கள். பல நாடுகள் மருந்தை ஒதுக்கிவைத்தன. 1988இல் அமெரிக்காவில் ஜான் கேன் குழு, வேறு மருந்துகள் கைகொடுக்காத 268 பேரிடம் ஆய்வு செய்தது. ஆறு வாரத்தில் குளோசபைன் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேர் தேறினார்கள். பழைய மருந்தான குளோர்புரோமசினில் வெறும் 4 சதவீதம். அடுத்த ஆண்டே, ரத்தம் பார்த்தால்தான் மாத்திரை என்ற கட்டுப்பாட்டோடு அங்கே அனுமதி கிடைத்தது. அதன்பின் 11,555 பேரைக் கண்காணித்ததில் 73 பேருக்குப் பாதிப்பு வந்தது, இறந்தது இரண்டு பேர். 73 பேரில் 61 பேருக்கு முதல் மூன்று மாதத்திலேயே வந்துவிட்டது. தொடக்கத்தில் இத்தனை தடவை ஊசி குத்துவது இதனால்தான்.

பரிசோதனைச் சீட்டில் ஒரு விஷயம் கவனியுங்கள். மொத்த வெள்ளணு 4,200, நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,000க்கு மேல் இருப்பதால் ‘நார்மல்’ என்று தோன்றும். ஆனால் 4,200இல் 30 சதவீதம் 1,260தான். பொதுவாக 1,500க்குக் கீழே போனாலே மருத்துவர் உஷாராகி, அடிக்கடி சோதிக்கச் சொல்வார். 1,000க்குக் கீழே மருந்தை நிறுத்துவார்கள். 500க்குக் கீழே உயிருக்கு ஆபத்து. அதனால் மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் இந்தப் பெருக்கலையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்க, மத்திய கிழக்கு வம்சாவளியினர் பலருக்குப் பிறவியிலேயே இந்த எண் குறைவு. குறைவாக இருந்தும் அவர்களுக்குத் தொற்று கூடுதலாக வருவதில்லை என்பதால் 2015இல் அமெரிக்காவில் அவர்களுக்கென்று வரம்பைத் தாழ்த்தினார்கள். நல்ல முடிவு, அதற்குமுன் பலருக்கு மருந்து வீணாக மறுக்கப்பட்டது.

இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே உடல் தரும் தடயங்கள் காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண். சாதாரணச் சளி என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுவதுதான் நம் வழக்கம். குளோசபைன் எடுப்பவர் அப்படிச் செய்யவே கூடாது. தொடங்கிய முதல் வாரங்களில் அந்த மருந்தாலேயே சாதாரணக் காய்ச்சலும் வரலாம், ஆனால் எது எது என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும்.

மற்ற மனநல மருந்துகளிலும் இப்படிச் சில உண்டு. வால்ப்ரோயேட், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கலாம். ஃப்ளூவாக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தட்டணுக்கள் செரோடோனின் என்ற வேதிப்பொருளை உறிஞ்சுவதைத் தடுப்பதால், கூடவே வலிமாத்திரை சாப்பிட்டால் வயிற்றில் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். இவை எதையும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

குளோசபைனில் எண்ணிக்கை விழுந்ததை நேரத்தோடு கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் மஜ்ஜை மீண்டுவிடும். அதுவரை தொற்று வராமல் காப்பார்கள், தேவைப்பட்டால் மஜ்ஜையைத் தூண்டும் ஊசியும் போடுவார்கள்.