பனி குறைந்தால் மரம் செழிக்குமா?

இமயமலைக் காடுகளில் வேலை செய்பவன் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பனி குறைந்தால் குளிர் குறையும், குளிர் குறைந்தால் மரம் நன்றாகத்தானே வளரும், இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. உயர்மலையில் காடு எதுவரை ஏறலாம் என்பதைக் குளிரே தீர்மானிக்கிறது என்றுதான் நாங்களும் படித்துவிட்டு வந்தோம். மரத்தையே கேட்டால் பதில் அவ்வளவு நேராக இல்லை.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் உயரத்தில், இமயமலையின் பல பகுதிகளில் கடைசியாக நிற்பது பூர்ஜ மரம். உத்தராகண்டில் இதைப் போஜ்பத்ரா என்பார்கள்; காகிதம் வருவதற்கு முன் வடநாட்டில் ஏடாகப் பயன்பட்டது இதன் பட்டைதான். செங்குத்தான சரிவுகளில் இதன் அடிமரம் பள்ளத்தின் பக்கமாக வளைந்து, பிறகே நிமிர்ந்து மேலே போவதைக் காணலாம். இளமையில் ஒவ்வொரு குளிர்காலமும் சரிவில் மெல்ல நகர்ந்த பனி அழுத்தியதால் விழுந்த வளைவு அது. அந்த மரத்தைத் துளைத்து, பென்சிலைவிட மெல்லிய மாதிரி ஒன்றை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் ஆண்டு வளையங்கள் வரிசையாகத் தெரியும். நேபாளத்தின் உயர்மலைகளில் நடந்த ஆய்வுகளில், பருவமழைக்கு முந்தைய மார்ச் முதல் மே வரையிலான மாதங்கள் வறண்டுபோன ஆண்டுகளில் வளையம் குறுகியிருந்தது. சில மரங்களில் அந்த ஆண்டின் வளையமே விழவில்லை. குளிரில் நிற்கும் மரம் தாகத்தாலும் வளர்ச்சி குன்றுகிறது.

அந்தத் தாகத்தைத் தீர்ப்பது பனிதான். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்த மாறுபாடுகள் கொண்டுவந்து கொட்டும் பனி, ஏப்ரல், மே மாதங்களில் சொட்டுச் சொட்டாக உருகி மண்ணில் இறங்கி, ஜூன் பிற்பகுதியில் பருவமழை வரும்வரை வேர்களுக்கு ஈரம் தருகிறது. புதிதாக விழுந்த 10 செ.மீ. பனியை உருக்கினால் ஏறக்குறைய 1 செ.மீ. தண்ணீர்தான் கிடைக்கும், ஆனால் அதே தண்ணீர் மழையாகக் கொட்டினால் பெரும்பகுதி சரிவோடு ஓடிவிடும். 2024 நவம்பர் முதல் 2025 மார்ச் வரை இந்து குஷ் இமயமலைப் பகுதியில் பனி தரையில் தங்கிய அளவு வழக்கத்தைவிட 23.6 சதவீதம் குறைவு, 23 ஆண்டுகளில் இதுவே மிகக் குறைவு என்று காத்மாண்டுவில் உள்ள ஐசிமோட் என்ற மலைப்பகுதி ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. ஆற்று நீரையும் பாசனத்தையும் பற்றிய செய்தியாகவே பலரும் அதைப் படித்தார்கள்.

பனிக்கு இன்னொரு வேலையும் உண்டு. புதுப்பனியில் பெரும்பகுதி அடைபட்ட காற்று என்பதால் அது மண்ணுக்குக் கம்பளிபோல அமைகிறது. மேலே காற்று உறைநிலைக்கு எவ்வளவோ கீழே போனாலும், கனமான பனிக்கு அடியில் மண் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையரில் உள்ள ஹப்பர்ட் புரூக் ஆய்வுக்காட்டில், குளிர்காலத் தொடக்கத்தில் விழும் பனியை மண்வாரியால் அள்ளி அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். மண் ஆழமாக உறைந்தது, நுண்வேர்கள் செத்தன, உறிஞ்ச வேர் இல்லாததால் நைட்ரேட் என்ற தழைச்சத்து கழுவப்பட்டுப் போனது. சர்க்கரை மேப்பிள் மரங்களின் வளர்ச்சி சுமார் 40 சதவீதம் குறைந்தது. வெப்பம் கூடும் உலகில் மண் மட்டும் முன்பைவிட அதிகமாக உறைவது விந்தையாகத் தோன்றலாம். போர்வை இல்லாமல் படுத்தவருக்கு அதில் விந்தை இராது.

பனி மிகுந்தாலும் தொல்லைதான். வெகுநாள் கிடக்கும் பனிக்கடியில் ஊசியிலைக் கன்றுகளைக் கரும்பூசணம் பிடிக்கும், வளர்காலமும் சுருங்கும். அப்படிப்பட்ட ஈரமான சரிவுகளில் பனி கொஞ்சம் குறைவது மரத்துக்கு நன்மையாகவே முடியலாம்.

கன்று நடும் வேலையில் இதையெல்லாம் நான் தாமதமாகவே கற்றேன். ஒரு மழைக்காலத்தில் சக பணியாளர்களோடு சேர்ந்து, வெயில் நன்றாக விழுகிறது என்பதற்காக ஒரு முகட்டில் பூர்ஜக் கன்றுகளை நட்டேன். செப்டம்பரில் எண்ணியபோது அநேகமாக எல்லாம் உயிரோடு இருந்தன, அறிக்கையும் எழுதியாயிற்று. அடுத்த மே மாதம் போனபோது, காற்று பனியை வாரிக்கொண்டு போயிருந்த அந்த முகட்டில் கன்றுகள் வேரோடு விரல் உயரம் மேலெழும்பி, காய்ந்து நின்றன. மண்ணின் ஈரம் உறைந்து முளைத்த பனி ஊசிகள் இரவுதோறும் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிவிட்டிருந்தன. சற்றுத் தள்ளி, பாறை மறைவில் பனி தேங்கிய பள்ளத்தில், இடம் போதாமல் நட்ட சில கன்றுகள் மட்டும் மொட்டவிழ்ந்திருந்தன.

அதன்பிறகு, நடுவதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே அளவுக்கோடு போட்ட கம்புகளைச் சரிவில் ஊன்றி, பனி எங்கே எவ்வளவு நாள் தங்குகிறது என்று பார்க்கிறோம். மலைக்காடு வளர்க்க விரும்பும் குழுக்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். கன்றுகளைச் செப்டம்பரில் எண்ணிப் படம் எடுக்காதீர்கள். பனி உருகி முடிந்த ஜூனில் மறுபடி ஏறிவந்து எண்ணுங்கள்.