வீக் மேப்: இதில் தளர்வது எது?

ஜாவாவில் வீக்ஹேஷ்மேப். ஜாவாஸ்கிரிப்டிலும் பிஎச்பியிலும் வீக்மேப். பைத்தானில் வீக்கீடிக்‌ஷனரி. இவையெல்லாம் நிரல்மொழிகள் தரவைச் சேர்த்துவைக்கத் தரும் அமைப்புகள். பெயர்கள் கொஞ்சம் மாறினாலும் குடும்பம் ஒன்றுதான். இதைத் தமிழில் ‘பலவீனமான வரைபடம்’ என்று எழுதினால் இரண்டு சொற்களுமே வாசகரைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். இங்கே ஊரையும் ஆற்றையும் காட்டும் படம் எதுவும் இல்லை. மேப் நொறுங்கி விழப்போவதும் இல்லை.

மேப் என்ற சொல்லின் பூர்வீகம் லத்தீன். ‘மாப்பா’ என்றால் துணி, கைத்துண்டு. உலகப்படத்தை ‘மாப்பா முண்டி’, அதாவது உலகத்துணி என்றார்கள். அங்கிருந்து கணிதக்காரர்கள் அதை எடுத்து, ஒரு கணத்தின் உறுப்பை இன்னொரு கணத்தின் உறுப்போடு பொருத்துவதற்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். நிரலாளர்கள் வாங்கியது இந்தக் கணிதப் பொருளைத்தான்: ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பு கிடைக்கும். ஸ்மால்டாக்கும் பைத்தானும் இதை ‘டிக்‌ஷனரி’ என்றே அழைக்கின்றன. தமிழிலும் ‘அகராதி’ என்பது வரைபடத்தைவிட எவ்வளவோ தேவலை. நடுவில் உள்ள ஹேஷ், நறுக்குவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சாவியை நறுக்கி ஓர் எண்ணாக்கித் தேடுகிற உத்தி அது. நம் கேள்விக்கு அது முக்கியமில்லை.

முக்கியம் ‘வீக்’. பழைய நார்ஸ் மொழியின் ‘வெய்க்கர்’ என்பதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. அதன் வேர்ப்பொருள் வளைவது, இணங்கி விட்டுக்கொடுப்பது. நோஞ்சான் என்ற பொருள் பின்னால் ஓங்கியது. கணினியில் இது செய்கிற வேலைக்கு அந்தப் பழைய பொருளே அச்சாகப் பொருந்துகிறது. எப்படி என்று பார்க்கக் குப்பை சேகரிப்புக்குள் கொஞ்சம் நுழைய வேண்டும்.

ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழிக்காக வகுத்து, 1960-இல் வெளியான கட்டுரையில் விவரித்த முறை அது. வேலை முடிந்த நினைவகத்தை நிரலாளர் கையால் திருப்பித் தர வேண்டியதில்லை. ஜிசி என்று நாம் சுருக்கிச் சொல்லும் குப்பை சேகரிப்பான், நிரலின் வேர்களிலிருந்து, அதாவது இப்போது ஓடும் செயற்கூறுகளின் மாறிகள் போன்றவற்றிலிருந்து கிளம்பும். ஒரு தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டுகளை (ரெஃபரன்ஸ்) ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போகும். எட்ட முடிந்ததெல்லாம் உயிருள்ளது, எட்ட முடியாததெல்லாம் குப்பை.

இப்போது, வேறொருவர் எழுதிய நூலகம் (ஆயத்த நிரல்தொகுப்பு) தரும் ஆப்ஜெக்ட்டுகளோடு, அதாவது தரவுப் பொருள்களோடு, நீங்கள் சில கூடுதல் விவரங்களை ஒட்டிவைக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் வார்ப்பான கிளாஸுக்குள் கைவைக்க முடியாது. எனவே தனியாக ஒரு மேப் வைத்து, ஆப்ஜெக்ட்டைச் சாவியாகவும் விவரத்தை மதிப்பாகவும் போடுகிறீர்கள். நிரலின் மற்ற பகுதிகள் அந்த ஆப்ஜெக்ட்டை மறந்த பிறகும் உங்கள் மேப் மட்டும் அதைச் சுட்டிக்கொண்டே இருக்கும். ஜிசி வரும், மேப் வழியாக எட்டிப் பார்க்கும், உயிரோடு இருக்கிறது என்று விட்டுவிடும். நாளாக நாளாக மேப் பெருத்துக்கொண்டே போகும். குப்பை சேகரிப்பான் உள்ள மொழியிலும் நினைவகம் கசிவதற்கு இது ஒரு சாதாரணமான வழி.

வீக் மேப்பில், சாவியை நோக்கிய சுட்டு இந்தக் கணக்கில் சேராது. வேறு யாரும் அந்த ஆப்ஜெக்ட்டைப் பிடித்திருக்காவிட்டால் ஜிசி எடுத்துக்கொள்ளலாம்; மேப் விட்டுக்கொடுத்துவிடும். மேப்பில் இருந்த அந்தச் சாவி-மதிப்பு உள்ளீடும் தானாகக் கழன்றுவிடும். ஜாவாவில் இந்த வசதி 1998 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பிலும், பைத்தானில் 2001-இல் வந்த 2.1 பதிப்பிலும் சேர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ரெஃபரன்ஸுக்குச் ‘சுட்டு’ என்பதே எனக்கு உவப்பு. ‘சுட்டி’ என்றால் பலருக்கு மவுஸ் நினைவுக்கு வரும். இலக்கணத்தில் அ, இ, உ சுட்டெழுத்துகள். ‘அவன்’ என்று சுட்டுவதால் அவனை யாரும் கட்டிப்போட்டுவிடுவதில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் தமிழின் ‘சுட்டு’ பிறவியிலேயே வீக் ரெஃபரன்ஸ்தான்! நிரலில் உள்ள சாதாரண ரெஃபரன்ஸ் சுட்டுவதோடு நிற்காமல் பிடித்தும் வைத்துக்கொள்கிறது. வீக் ரெஃபரன்ஸில் அந்தப் பிடி மட்டும் இல்லை. ஆகவே ‘தளர்சுட்டு’ என்று சொல்லலாம். தளர்ந்த, தளர்கிற, தளரும் என்று மூன்று காலத்துக்கும் இடம் தரும் வினைத்தொகை அது. ஜிசி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் காலம் காட்டாத சொல் கச்சிதமாக உட்காருகிறது. சாதாரணச் சுட்டை வேறுபடுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘வன்சுட்டு’ போதும்.

ஆனால் ‘தளர் அகராதி’ என்று முடித்துவிட்டால் மறுபடியும் குழப்பம். அகராதி முழுதும் தளர்வதில்லையே. ஜாவாவின் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வீக்ஹேஷ்மேப்பில் தளர்வது சாவிப் பக்கம் மட்டும். மதிப்புகள் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். பைத்தான் இந்த விஷயத்தில் நேர்மையானது. வீக்கீடிக்‌ஷனரி, வீக்வேல்யூடிக்‌ஷனரி என்று எந்தப் பக்கம் தளர்கிறது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. அதைப் பின்பற்றி ‘தளர்சாவி அகராதி’, ‘தளர்மதிப்பு அகராதி’ என்று இரண்டாகப் பிரிப்பதே தமிழுக்கும் நல்லது. முதலாவது, மேலே பார்த்ததுபோல் ஆப்ஜெக்ட்டோடு விவரம் ஒட்டிவைக்க. இரண்டாவது, ஓர் அடையாள எண்ணுக்கு ஒரே ஆப்ஜெக்ட்தான் இருக்க வேண்டும் என்பதுபோன்ற பதிவேடுகளுக்கு.

இந்த வேறுபாடு வெறும் பெயர்த் தகராறு இல்லை. ஜாவாவில் மதிப்பு தன் சாவியையே திரும்பிச் சுட்டினால் என்ன ஆகும்? மேப் மதிப்பை இறுகப் பிடித்திருக்கிறது, மதிப்பு சாவியைப் பிடித்திருக்கிறது. சாவி என்றைக்கும் எட்டக்கூடியதாகவே இருக்கும். தளர்சாவி என்று பெயர், ஆனால் எதுவும் தளராது. ஜாவாவின் அதிகாரபூர்வ ஆவணமே இதைப் பற்றி எச்சரிக்கிறது. மதிப்பையும் ஒரு தளர்சுட்டுக்குள் சுற்றி வைக்கலாம் என்பது அது தரும் யோசனை.

இதற்கான முறையான தீர்வை பாரி ஹேய்ஸ் 1997-இல் ஊப்ஸ்லா என்ற நிரலாக்க மாநாட்டின் கட்டுரையில் விளக்கினார். பெயர் எஃபிமெரான். ஒரு நாள் மட்டும் வாழ்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. இந்தச் சாவி-மதிப்பு இணையில், சாவியை வேறு வழியாக எட்ட முடிந்தால்தான் மதிப்பும் உயிருள்ளதாகக் கணக்காகும். மதிப்பின் வழியாகச் சாவிக்கு வரும் பாதை கணக்கில் வராது. ஜாவாஸ்கிரிப்டின் வீக்மேப்பும், டாட்நெட்டின் கண்டிஷனல்வீக்டேபிளும், 5.2 பதிப்பு முதல் லுவாவின் தளர்சாவி அட்டவணைகளும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. தமிழில் ‘ஈசல் இணை’ என்று வைத்தால் என்ன என்று தோன்றுகிறது. ஒரு நாள் உயிருக்கு நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு விஷயத்திலும் கறார். வீக்மேப்பில் எத்தனை உள்ளீடுகள் என்று கேட்க முடியாது, வரிசையாக எடுத்துப் பார்க்கவும் முடியாது. பார்க்க விட்டால் ஜிசி வந்துபோனது நிரலுக்குத் தெரிந்துவிடும். ஒரே நிரல் ஓர் உலாவியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் ஓடும். ஜாவா இதையெல்லாம் அனுமதிக்கிறது. விளைவாக, யாரும் எதையும் நீக்காமலே மேப்பின் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருவதை அங்கே பார்க்கலாம்.

அப்புறம், அடிக்கடி காதில் விழும் ஒரு சொற்குழப்பம்: வீக்ஹேஷ்மேப்பை கேஷ் (மறுபடி தேவைப்படும் தரவைக் கையருகே வைக்கும் தற்காலிகச் சேமிப்பு) என்று நினைத்துப் பயன்படுத்துவது. நினைவகம் நிறையக் காலியாக இருந்தாலும் தளர்சுட்டு விட்டுக்கொடுத்துவிடும். அதற்குச் சிக்கனம் பார்க்கத் தெரியாது. நினைவக நெருக்கடி வரும்வரை வைத்திருந்து அப்புறம் விடுவது ஜாவாவின் சாஃப்ட்ரெஃபரன்ஸ். மென்பொருளுக்கு உள்ள ‘மென்’ இதற்கும் சரியாக வரும்: ‘மென்சுட்டு’. நினைவகம் தீர்ந்துபோன பிழையை எழுப்புவதற்கு முன் மென்சுட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவதாக ஜாவா உறுதி தருகிறது. அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஜாவா நிரலை ஓட்டும் அந்தந்த மெய்நிகர் இயந்திரத்தின் விருப்பம். அப்படிப்பட்ட இயந்திரங்களில் ஒன்றான ஹாட்ஸ்பாட்டில், காலியாக உள்ள ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் 1000 மில்லி வினாடி என்பது இயல்பான அமைப்பு.

இந்த மென்சுட்டுகளை மதிப்பாக வைத்துக் கட்டும் மேப்புக்கு ஜாவாவின் இயல்பு நூலகத்தில் பெயரே இல்லை. அப்படி ஒரு கிளாஸ் அங்கே கிடையாது. தமிழில் ‘மென்மதிப்பு அகராதி’ என்று சொல்லலாம்தான். ஆனால் கேஷ்தான் தேவை என்றால், உச்ச அளவை நீங்களே நிர்ணயித்துவிடுவது நல்லது. மென்மதிப்பு வசதியைத் தரும் குவாவா நூலகத்தின் ஆவணமும் பொதுவாக அதையே பரிந்துரைக்கிறது.