பெர்கோலா: நிரைகால் பந்தல்

பழைய வீட்டை உணவு விடுதியாக மாற்றுகிறவர்களின் வரைபடத்தில் இப்போதெல்லாம் தவறாமல் இருக்கிற சொல் பெர்கோலா. தோட்டத்தில் நாலு மேசை, அவற்றின் மேல் ஒரு மறைப்பு, அவ்வளவுதான் விஷயம். நண்பர் ஒருவரின் வரைபடத்தைப் பார்த்த தச்சர், "பந்தல்தானே சார்?" என்று கேட்டார். பொறியாளர் சிரித்துவிட்டார். தச்சர் சொன்னதுதான் சரி.

சொல்லின் வேர் லத்தீன். முன்னே செல்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த 'பெர்குலா', முதலில் கட்டடத்திலிருந்து முன்னே நீண்ட பகுதியைக் குறித்தது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பெயியில் ஒரு வாடகை அறிவிப்பு சுவரில் எழுதப்பட்டிருந்தது. 'பெர்குலாக்களோடு கூடிய கடைகள்' வாடகைக்கு என்கிறது அது. அங்கே பொருள் கடையின் மேல் பரண். கொடியும் இல்லை, தோட்டமும் இல்லை. பிறகு இத்தாலியில் திராட்சைக் கொடி படரும் சட்டத்துக்குப் பெயராகி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போயிற்று.

பெயர் பிந்தியது என்றாலும் பொருள் பழையது. அதே பொம்பெயியில் எபேபோ வீடு என்று ஒன்று உண்டு. அதன் தோட்டத்தில், சாய்ந்து படுத்தபடி சாப்பிட மூன்று பக்கமும் கட்டிய மேடைகளும், மேலே பந்தலைத் தாங்க நான்கு தூண்களும் இருக்கின்றன.

சரி, தமிழுக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்கில் கல்கால் நட்டு, கம்பி இழுத்து, திராட்சை படரவிடுவதைப் பந்தல் என்றுதான் சொல்கிறார்கள். சாப்பாட்டுக்கும் பந்தலுக்கும் உள்ள உறவோ இன்னும் பழையது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு கல்யாண வீடு வருகிறது. உளுந்து சேர்த்த களியோடு பெருஞ்சோறு ஒரு பக்கம். 'நிரைகால் தண்பெரும் பந்தர்', அதன் கீழே பரப்பிய மணல். வரிசையாகக் கால்கள், கீழே குளிர்ச்சி! பெர்கோலாவுக்கு இதைவிட நல்ல வரையறை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. தன் காலில் நிற்பதுதான் பந்தல். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் அது சாய்ப்பு. (லத்தீன் பெர்குலாவின் முதல் பொருள் இதற்குத்தான் பக்கம், சொல் சுவரைவிட்டு நகர்ந்து பந்தலுக்கு வந்திருக்கிறது.) பாலிகார்பனேட் தகடு போட்டு முழுக்க மூடினால் கொட்டகை. கொடி படர்ந்தால் கொடிப்பந்தல், வெறும் சட்டமானால் மரப்பந்தல் என்பேன். 'நிழற்சட்டகம்' போன்ற புதிதாக உருவாக்கிய சொற்களை எந்தத் தச்சரும் சொல்லப்போவதில்லை.

பழைய கட்டடத்தில் இந்த வேறுபாடு வெறும் சொல் விவகாரம் இல்லை. சுண்ணாம்புக் காரைச் சுவரில் போல்ட்டுக்குத் துளை போட்டால் காரை பொலபொலவென்று உதிரும். சாய்ப்பு சுவரோடு சேரும் இடத்தில் மழைநீர் உள்ளே இறங்கும். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964இன் வெனிஸ் சாசனமும், புதிதாகச் சேர்ப்பது பழையதைக் கெடுக்கக் கூடாது, பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்கிறது. கால் நட்டுப் போட்டு, வேண்டாதபோது பிரித்துவிடுகிற பந்தலுக்கு அது இயல்பாகவே பொருந்தும்.

நண்பர் வீட்டில் கடைசியில் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி, கரையான் ஏறாமல் இருக்கக் கல் பாதத்தின்மேல் எட்டுக் கால்கள் நிறுத்தினார்கள். வரைபடத்தில் இன்னும் பெர்கோலா. தச்சரின் கூலிச் சீட்டில் 'பந்தல் வேலை'.