நியூரோபுரொடெக்டிவ்: நரம்பணுக்காப்பு

புதினா, துளசி, ரோஸ்மேரி பற்றிய உடல்நலச் செய்திகளில் இப்போது அடிக்கடி தலைகாட்டும் சொல் 'நியூரோபுரொடெக்டிவ்'. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரியில் புதினாக் கட்டு விற்கிறவர் கைப்பேசிக்கும் அந்தச் செய்தி வந்துவிடுகிறது. படிப்பவர்கள் 'மூளைக்கு மருந்து' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை.

முன்பாதி கிரேக்கம். 'நியூரான்' என்றால் பழைய வழக்கில் தசைநாண், வில்லின் நாண். நரம்பு செல்லுக்கு, அதாவது நரம்பணுவுக்கு, அந்தப் பெயரை 1891-இல் சூட்டியவர் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வால்டையர். நம் 'நரம்பு'ம் அப்படித்தான், சங்கப் பாட்டில் அது யாழின் தந்தி. பின்பாதி லத்தீன், 'முன்னால் மூடு' என்று பொருள்.

தமிழில் சிலர் 'நரம்பியல் பாதுகாப்பு' என்று எழுதுகிறார்கள். நரம்பியல் என்பது படிப்பின் பெயர், அதை யார் எதற்குப் பாதுகாக்க வேண்டும்? நரம்பணுக்காப்பு என்பதே பொருந்தும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் 'காப்பு' புதிதும் இல்லை. பொங்கலுக்கு முன் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கட்டி வாசல் கூரையில் செருகுவோமே, அதுதான் காப்புக் கட்டுதல். கேடு வருவதற்கு முன்பே கட்டுவது அது. வந்த நோயை விரட்டுவதற்கு வைத்தியம் என்று தனிச்சொல் இருக்கிறது.

ஆய்வகத்திலும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். நரம்பணுக்களுக்கு ஒரு கேட்டை உண்டாக்கி, குறிப்பிட்ட பொருள் இருக்கும்போது குறைவாகச் சாகின்றனவா என்று பார்ப்பார்கள். ரோஸ்மேரியில் உள்ள கார்னோசிக் அமிலம் செல்லுக்குள் 'என்ஆர்எஃப்2' என்ற புரதத்தைத் தூண்டுகிறது. அப்புறம் செல் தன் சொந்த ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளை, அதாவது ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுக்கும் புரதங்களை, உண்டாக்கிக்கொள்கிறது. 1958-இல் இத்தாலிய வேதியியலாளர்கள் ரோஸ்மேரியிலிருந்து பிரித்தெடுத்த ரோஸ்மரினிக் அமிலம் புதினாவிலும் துளசியிலும் உண்டு, மூன்றும் ஒரே குடும்பச் செடிகள்.

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை செல்களிலும் எலிகளிலும் நடந்தவை. நாம் அரைக்கும் புதினாத் துவையலில் உள்ள அமிலம் குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் உருமாறி, இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டினால்தான் மூளைக்கே போக முடியும். துவையல் ருசிக்காகத் தாராளமாக அரைக்கலாம், அது வேறு.

எனவே 'இந்த அமிலம் எலிகளில் நரம்பணுக்காப்புத் தன்மை காட்டியது' என்று எழுதினால் சரி. 'புதினா மறதி நோயைத் தீர்க்கும்' என்று எழுத இந்தச் சொல்லில் இடமில்லை.